சபை மரியாதை: கையெழுத்து விழும்வரை எழுந்திருக்காதீங்க!

எர்ணாவூர், எண்ணூர் பக்கம் கல்யாண மண்டப வாசலில் காலையிலேயே போலீஸ் வேன் வந்து நின்றால், அன்றைக்கு அங்கே கல்யாணம் இல்லை என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். மணமக்கள் உட்காரும் மேடையில் வெள்ளைத் துணி விரித்த நீள மேஜை போட்டிருக்கும். வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள். பின்னால் ஃப்ளெக்ஸில் 'பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்' என்று கொட்டை எழுத்து. கீழே வாடகை நாற்காலிகள். வாசலில் ஒரு மேஜை, அதில் ஒரு நீள நோட்டு, கயிறு கட்டிய பேனா.

கம்பெனிக்காரர்கள் நடத்தும் பெரிய மாநாடுகளுக்கு இப்போதெல்லாம் நடத்தை விதிகள் என்று தனியாக ஒரு பக்கமே அச்சடித்துத் தருகிறார்கள். பேசுகிறவரை இடைமறிக்காதே, நேரத்தை மதி, யாரையும் இழிவாகப் பேசாதே, புகார் இருந்தால் இன்னாரிடம் சொல் என்று எல்லாம் இருக்கும். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலோ நட்சத்திர ஹோட்டலிலோ கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உட்காரும் அதே என்ஜினீயர்களும் சுற்றுச்சூழல் ஆலோசகர்களும் அதிகாரிகளும்தான் எர்ணாவூர் மண்டப மேடைக்கும் வருகிறார்கள். ஆனால் இங்கே அந்த அச்சடித்த பக்கத்தை யாரும் யாருக்கும் தருவதில்லை. அங்கே கூட்டம் முடிந்ததும் கையில் ஒரு பையும் பேனாவும் கொடுத்து அனுப்புவார்கள். இங்கே வருகிறவர்கள் திரும்பிப் போவது புகைபோக்கிக்குப் பக்கத்து வீட்டுக்கு.

அதனால் எந்தக் கூட்டத்துக்கு ஒழுங்கு அதிகம் தேவை என்று பார்த்தால், இந்தக் கூட்டத்துக்குத்தான்.

வடசென்னைக்காரர்களுக்கு இந்தக் கூட்டங்கள் புதிதல்ல. எண்ணூரில் 1970 வாக்கில் ஓடத் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட பழைய அனல் மின் நிலையத்தின் இடத்தில் 660 மெகாவாட்டில் புதிய விரிவாக்கம் செய்வது பற்றி 2024 டிசம்பர் 20-ஆம் தேதி எர்ணாவூரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அதற்கு முன்பு காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம். ஏறக்குறைய 330 ஏக்கர் துறைமுகத்தை 6,110 ஏக்கராக்கும் திட்டம் அது. அதற்கான கூட்டம் 2021 ஜனவரி 22-ஆம் தேதி என்று அறிவித்தார்கள், தள்ளிப்போனது. மறுபடி 2023 செப்டம்பர் 5-ஆம் தேதி என்று அறிவித்தார்கள், மறுபடியும் தள்ளிப்போனது. தேதி அறிவிப்பதும் தள்ளிப்போவதுமாக இருந்த அந்த நாட்களில் பழவேற்காட்டிலிருந்து எண்ணூர் வரை எத்தனையோ கிராமங்களில் அதே பேச்சு. கூட்டம் என்றால் கடலுக்குப் போகிறவருக்கு ஒரு நாள் தொழில் போச்சு. இரண்டு முறை தயாராகி இரண்டு முறை கலைவது சாதாரண விஷயமில்லை.

இந்தக் கூட்டம் யாரும் இரக்கப்பட்டு நடத்துவதல்ல. 1994-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 1997 ஏப்ரலில் ஒரு திருத்தம் செய்து, மக்களைக் கேட்பதைக் கட்டாயமாக்கினார்கள். இப்போது நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட அறிவிக்கை. அதன் கடைசியில் இருக்கும் இணைப்புகளில் ஒன்று, இந்தக் கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்று மட்டுமே பேசுகிறது. சில பக்கங்கள்தான். அதைப் படித்துவிட்டு மண்டபத்துக்குள் நுழைகிறவரும், படிக்காமல் நுழைகிறவரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்ல முடியாது.

அதில் என்ன இருக்கிறது? கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு ஒரு தேசிய நாளிதழிலும், ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். (2020-இல் வந்த புதிய வரைவில் இந்த 30 நாளை 20 ஆக்கப் பார்த்தார்கள், நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது.) வரைவு அறிக்கையும், அதன் சுருக்கமும் கலெக்டர் அலுவலகம், மாநகராட்சி அல்லது பஞ்சாயத்து அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் போன்ற இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். கூட்டம் திட்டம் வரும் இடத்திலோ அதற்கு மிக அருகிலோ நடக்க வேண்டும். கலெக்டரோ, கூடுதல் கலெக்டர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதி உடனிருந்து குறிப்பெடுக்க வேண்டும். முழுக் கூட்டத்தையும் வீடியோ எடுக்க வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு எதுவும் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் கூட்டம்தான்.

கடைசியில் சொன்ன இந்த விஷயத்தைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 'நாம யாரும் போகலேன்னா கூட்டமே நடக்காது' என்று குப்பங்களில் சிலர் சொல்வது உண்டு. நடக்கும். காலி நாற்காலிகளை வீடியோ எடுப்பார்கள். 'பெரிய எதிர்ப்பு இல்லை' என்று குறிப்பு எழுத அதுவே போதும்.

அப்படியானால் போய்விட்டு, கத்திவிட்டு, வெளிநடப்பு செய்துவிட்டால்? அங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு வரி அந்த அறிவிக்கையில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளூர் நிலைமை காரணமாக மக்கள் தங்கள் கருத்தைத் தடையில்லாமல் சொல்லும்படி கூட்டம் நடத்த முடியவில்லை என்று கூட்டத்தை நடத்தும் அதிகாரிகள் எழுதி அனுப்பினால், அனுமதி தரும் அமைப்பு அதைப் பரிசீலித்து, நேரடிக் கூட்டமே இல்லாமல் மேற்கொண்டு போகலாம் என்று முடிவு செய்ய இடமிருக்கிறது. அதாவது மேடையை நோக்கிப் பறக்கும் ஒரு நாற்காலி, திட்டத்துக்குத் தடையாகாமல் திட்டத்துக்கு உதவியாகவும் போய்ச் சேரலாம். நாற்காலியை எறிந்தவர் யார், யார் கூட்டி வந்த ஆள் என்று அப்புறம் யாரும் ஆராய்ந்துகொண்டிருக்கப் போவதில்லை.

இதைப் படித்துவிட்டு 'அப்போ ஏழைங்கதான் வாயைப் பொத்திக்கணுமா?' என்று கோபம் வந்தால், அந்தக் கோபம் நியாயமானது. 2023 டிசம்பர் மாதத்தை எண்ணூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலை ஆற்றிலும் முகத்துவாரத்திலும் படிந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. அதைத் துடைத்து முடிப்பதற்குள் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கத்தில் கடலுக்கு அடியில் போகும் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து, குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கண் எரிய ரோட்டுக்கு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அந்த இரவைப் பார்த்த ஒரு தாயிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு, 'அம்மா, சத்தம் போடாம, சம்பந்தப்பட்டதை மட்டும் பேசுங்க' என்று சொல்வது என்ன மரியாதையில் சேர்த்தி?

குரல் உயர்வது வேறு, கூட்டம் கலைவது வேறு. அழுதுகொண்டு சொன்னாலும், திட்டிக்கொண்டே சொன்னாலும், சொன்னது வீடியோவில் இருக்கும், குறிப்பில் ஏறும். கூட்டம் கலைந்துவிட்டால் எதுவும் ஏறாது. சபை மரியாதை என்று பெரியவர்கள் சொன்னது பணிந்து போவதை மட்டும்தானா? சபையைக் கலையவிடாமல் காப்பதும் அதில் சேர்ந்ததுதான்.

இந்தக் கவலை நேற்று முளைத்ததும் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் மானூரில் சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முந்தைய பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்ச் சபை எப்படி நடக்க வேண்டும், யார் யாருக்கு அதில் இடம் உண்டு என்று சொல்லும் கல்வெட்டு. யார் எதைச் சொன்னாலும் கூடாது, கூடாது என்றே மறித்துச் சபையை நடக்கவிடாமல் செய்கிறவர்களுக்கும், அவர்களுக்குத் துணை நிற்பவர்களுக்கும் ஐந்து காசு அபராதம் என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்லிலேயே வெட்ட வேண்டிய அளவுக்கு அந்தக் காலத்திலும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள்! ஆனால் அந்தச் சபையில் உட்கார நிலம் வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். எர்ணாவூர் மண்டபத்தில் உட்கார அது எதுவும் வேண்டாம். இந்த 1,200 ஆண்டில் மாறியது அதுதான், அது சின்ன மாற்றமில்லை.

சரி, போகிறவர்கள் என்ன செய்ய வேண்டும்?

வாசலில் இருக்கும் நீள நோட்டில் கையெழுத்துப் போடத் தயங்குகிறவர்கள் நிறைய. 'கையெழுத்துப் போட்டா சம்மதம்னு எழுதிக்குவாங்க' என்ற பயம் வடசென்னையில் ஆழமாக ஊறியது. ஏமாந்த அனுபவத்தில் வந்த பயம், அதைக் கேலி செய்ய முடியாது. ஆனால் அந்த நோட்டு வருகைப் பதிவு. கூட்டத்துக்கு வந்த எல்லோருடைய வருகையையும் குறித்து, அறிக்கையோடு இணைக்க வேண்டும் என்பது விதி. சந்தேகம் இருந்தால் பக்கத்தின் தலைப்பைப் படித்துவிட்டுப் போடலாம். படிக்கத் தெரியாதவர்கள் படித்த பிள்ளையைக் கூட்டிப் போகலாம். தலைப்பில் வருகைப் பதிவு என்று இல்லாமல் வேறு ஏதாவது இருந்தால், அங்கேயே சத்தமாகக் கேட்டு மாற்றச் சொல்லலாம். அந்தச் சத்தம் நல்ல சத்தம்.

பேச எழுந்ததும் முதலில் பெயர், ஊர், தொழில். 'நான் முகத்துவாரக்குப்பம், முப்பது வருசமா ஆத்துல எறா புடிக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், அதற்குப் பின்னால் அவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் எடை கூடுகிறது. அடுத்து, கேள்வி. இந்த விதியில் பலர் கவனிக்காதது இதுதான்: வந்திருப்பவர்கள் கருத்து மட்டும் சொல்லிவிட்டு உட்கார வேண்டியதில்லை. திட்டக்காரரிடம் விளக்கம் கேட்கும் உரிமையும் உண்டு. 'எங்களுக்கு இந்தத் திட்டம் வேண்டாம்' என்பது ஒரு கருத்து. 'சுடுதண்ணியை எங்கே விடுவீங்க? அந்த எடத்துல தண்ணி எவ்ளோ ஆழம்? சாம்பல் கொண்டு போற பைப்பு உடைஞ்சா யாரு எத்தினி மணி நேரத்துல வருவாங்க?' என்பது கேள்வி. கருத்தைக் குறித்துக்கொண்டு போய்விடலாம். கேள்விக்குப் பதில் எழுதியாக வேண்டும். மக்கள் எழுப்பிய விஷயங்களையும் அவற்றுக்குத் திட்டக்காரரின் பதிலையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பட்டியலாக்கி இணைக்க வேண்டும். அதன் பிறகு, எழுந்த முக்கியமான சுற்றுச்சூழல் கவலைகளுக்கு ஏற்ப வரைவு அறிக்கையையே திருத்த வேண்டும். அந்தத் திருத்திய அறிக்கையும் கூட்டத்தின் குறிப்பும் வீடியோவும் டெல்லியில் இருக்கும் நிபுணர் குழுவின் மேஜைக்குப் போகின்றன. அந்தக் குழுவில் இருப்பவர்களுக்குக் காட்டுக்குப்பம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இருக்கலாம். அவர்களுக்குத் தெரியப் போவதெல்லாம் அந்தத் தாளில் இருப்பதுதான்.

இது ஓட்டெடுப்பு அல்ல என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பஸ் வைத்து ஆயிரம் பேரைக் கூட்டி வந்து 'ஆதரிக்கிறோம்' என்று கை தூக்க வைப்பதும், ஆயிரம் பேர் 'எதிர்க்கிறோம்' என்று கை தூக்குவதும் அந்த விதிப்படி எதையும் தானாக முடிவு செய்துவிடுவதில்லை. நூறு பேர் ஒரே வாக்கியத்தைச் சொல்வதைவிட, பத்துப் பேர் பத்து வேறு கேள்வியைக் கேட்பது மேல். முதல் நாள் ராத்திரி குப்பத்து மேடையில் உட்கார்ந்து, யார் எதைக் கேட்பது என்று பிரித்துக்கொள்ளும் ஊர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்.

மைக்கை விடாதவர்கள் என்று ஒரு வகை உண்டு. எல்லாக் கட்சியிலும் உண்டு. மேடையில் இருக்கும் ஒவ்வொருவரையும் அவர்களே அவர்களே என்று விளித்து, தலைவரை வாழ்த்தி, தொகுதியின் வரலாற்றைச் சொல்லி, விஷயத்துக்கு வருவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும். அவர் எதிர்ப்பாகவே பேசினாலும், அந்த அரை மணி நேரம் பத்து மீனவர்களிடமிருந்து எடுத்தது. சால்வை, பொன்னாடை என்று யாராவது மேடை ஏறினால், அந்த இடத்திலேயே மண்டபம் கல்யாண மண்டபமாகத் திரும்பிவிடும்.

பெண்கள் விஷயம் தனி. கூட்டம் பெரும்பாலும் காலை 10, 11 மணிக்குத்தான் ஆரம்பிக்கும். காசிமேட்டில் விடியும் முன்பே ஏலம் எடுத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக மீன் விற்கும் பெண்களுக்கு அதுதான் வியாபார நேரம். முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு நேரத்தைச் சொல்வது கடிகாரமில்லை, ஏற்றவற்றம். வியாபாரத்தையும் தொழிலையும் விட்டுவிட்டு வந்தால், அவர்களுக்குக் கிடைப்பது பின்வரிசை. மைக் முன்வரிசையைத் தாண்டுவதில்லை. கையடக்க மைக் ஒன்று பின்வரிசைக்குப் போக வேண்டும் என்று சொல்ல ஒரு விதி தேவையா? தலைமை வகிப்பவர் மனசு வைத்தால் ஒரு நிமிட வேலை. அவர் மறந்தால், முன்வரிசையில் இருக்கும் அண்ணன்கள் மைக்கைப் பின்னால் கொடுத்துவிடலாம்.

மேடையில் உட்காரும் பெண் அதிகாரி, கம்பெனியின் பெண் என்ஜினீயர், செய்தி எடுக்க வரும் பெண் நிருபர் ஆகியோருக்கும் அந்த மண்டபம் வேலையிடம்தான். வேலை நிமித்தமாகப் போகும் எந்த இடமும், முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும்கூட வேலையிடத்தில் சேரும் என்று பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-லேயே சொல்லிவிட்டது. கூட்டத்தில் கூட வந்தவர் அத்துமீறினால் மூன்று மாதத்துக்குள் தன் நிறுவனத்தின் உள்புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவான சின்ன நிறுவனம் என்றால் மாவட்ட அளவில் இருக்கும் குழுவிடம் கொடுக்கலாம். திட்டத்தின் மேல் இருக்கும் கோபத்தை அங்கே வேலை பார்க்கும் பெண்ணின் மேல் காட்டுகிறவர், தன் பக்கத்து நியாயத்தையும் சேர்த்துத்தான் கெடுக்கிறார்.

மேடைக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது, சொல்லப் போனால் அவர்களுக்குத்தான் அதிகம். கூட்டத்தைத் தொடங்கி வைப்பது திட்டக்காரரின் விளக்கம். அந்த விளக்கத்தைப் பாதி இங்கிலீஷிலும், மீதியைப் புரியாத தமிழிலும் திரையில் ஓடவிட்டுப் படித்து முடித்துவிட்டு, 'இப்போ நீங்க பேசலாம்' என்றால் யாரைப் பேசச் சொல்கிறார்கள்? 'துகள்மப் பொருட்களின் செறிவு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருக்கும்' என்று சொல்வதை, 'வீட்டு மொட்டை மாடியில துணி காயப் போட்டா சாம்பல் படியுமா, படியாதா' என்று சொல்லத் தெரியாதவரை அந்த மேடையில் ஏற்றக் கூடாது. மக்கள் பேசும்போது போனைப் பார்ப்பது, பக்கத்தில் இருப்பவரிடம் சிரிப்பது எல்லாம் வீடியோவில் விழுகிறது என்பதாவது ஞாபகம் இருக்க வேண்டும். 'குறித்துக்கொள்கிறோம்' என்பது பதில் ஆகாது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை, எழுத்தில் தருகிறோம் என்று சொன்னால், அதைக் கேட்டு மரியாதை குறையாது, கூடும். தலைமை வகிக்கும் அதிகாரி திட்டத்துக்காக வாதாடத் தொடங்கிவிட்டால் நடுவர் பந்தை உதைத்த மாதிரி.

போலீஸ் எத்தனை பேர் நிற்க வேண்டும் என்பது போலீஸ் முடிவு. ஆனால் வாசலில் பையைச் சோதித்து, உள்ளே இரண்டு வரிசைக்கு ஒருவர் நின்றால், முதல் முறையாக மைக்கைத் தொடும் ஒரு பாட்டிக்கு என்ன பேச்சு வரும்?

வர முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. எழுத்தில் கொடுக்கலாம். மனுவில் தேதி, முகவரி, கேள்விகளுக்கு எண் போட்டுக் கொடுத்து, இன்னொரு பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று சீல் வாங்கிக்கொள்ள வேண்டும். பேசியவர்களும் பேசியதையே எழுதிக் கொடுத்துவிட்டு வருவது நல்லது. மைக் சில நேரம் சரியாக அந்த நிமிடம் பார்த்து வேலை செய்யாமல் போகும். காகிதத்துக்கு அந்த வியாதி கிடையாது.

பிறகு மதியம் ஒரு மணி ஆகும். வெயில் ஏறும். பேச வேண்டியவர்கள் பேசிவிட்டார்கள், டி.வி. கேமராக்கள் கிளம்பிவிட்டன, தலைவர்களின் கார்கள் போய்விட்டன. பொட்டலம் வந்திருக்கிறது என்று யாரோ சொல்வார்கள். மண்டபம் காலியாகத் தொடங்கும். கூட்டத்தின் மிக முக்கியமான நிமிடம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. வந்தவர்கள் சொன்ன எல்லாக் கருத்துகளையும் கவலைகளையும் சரியாகச் சுருக்கி எழுதி, கூட்டத்தின் முடிவில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதி வந்திருப்பவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். தமிழில் விளக்க வேண்டும். கூட்டம் ஒப்புக்கொண்ட அந்தக் குறிப்பில், அன்றைக்கே, கலெக்டர் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு ஆபீஸில் போட்டுக்கொள்ளலாம் என்பது விதியில் இல்லை. எட்டு நாளுக்குள் அது அனுமதி தரும் அமைப்புக்குப் போய்விடும். பஞ்சாயத்து அலுவலகத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும், வாரியத்தின் இணையதளத்திலும் போட வேண்டும். ஆனால் ஒட்டிய பிறகு படித்துப் பார்த்து 'நான் சொன்னது இல்லையே' என்று சொல்வதற்கும், வாசிக்கும்போதே எழுந்து சொல்வதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

வாசிக்கும்போது மண்டபத்தில் பத்துப் பேராவது இருக்க வேண்டும். ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒருவர். கையில் ஒரு காகிதம், காலையிலிருந்து யார் என்ன கேட்டார்கள் என்று குறித்தது. வாரியத்து ஆள் வேகமாக வாசித்துக்கொண்டே போவார். அவருக்கும் பசி. 'மீனவர்கள் வாழ்வாதாரம் குறித்துக் கருத்துத் தெரிவித்தனர்' என்று ஒரு வரியில் இருபது பேரின் பேச்சு அடங்கிவிடும். அப்போது ஒருவர் கையைத் தூக்க வேண்டும்.

"சார், கொஞ்சம் நில்லுங்க. எங்க ஊர் அக்கா சுடுதண்ணியைப் பத்திக் கேட்டாங்களே, எந்த எடத்துல வுடுவீங்கன்னு. அத்த எழுதிக்கினீங்களா?"

"வாழ்வாதாரம்ன்னு போட்டிருக்கோம்மா, அதுல எல்லாம் வந்துடும்."

"அதுல வராது சார். தனியா எழுதுங்க. எழுதிட்டு இன்னொரு தபா படிங்க."

பேனா மறுபடி திறக்கும். அதை எழுதி, வாசித்துக் காட்டி, அதன் கீழே கையெழுத்து விழும்வரை அந்தப் பத்துப் பேரின் பொட்டலங்களும் நாற்காலிக்கு அடியில் பிரிக்காமலே இருக்கும்.